சில்லுக்குள் ஒலிக்கு ஓர் இடம்

காட்சி ஓர் இமைப்பொழுது தயங்கினால் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் விநாடிக்கு 48,000 மாதிரிகளாக இடைவிடாது பாய்ந்து வரும் ஒலியில் சில மில்லி விநாடி தடங்கல் நேர்ந்தாலும், காதில் படக்கென்று ஒரு வெடிப்பு விழுந்து, கேட்கும் அநுபவமே கெட்டுப்போகிறது. ஆகையால், கணினியின் மற்ற வேலைகளின் நெருக்கடி தீண்டாதபடி, ஒலியைக் கவனிப்பதற்கென்றே சில்லுக்குள் ஒரு பிரத்தியேகப் பகுதியை ஒதுக்குவது நியாயமான ஏற்பாடு என்பதே என் அபிப்பிராயம். அப்படி ஒதுக்கிய ஸ்தாபனங்களின் வியாபாரப் போக்குத்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அமெரிக்காவின் ஏஎம்டி 2013ஆம் ஆண்டில் தன் ரேடியான் கிராபிக்ஸ் கார்டுகளில் ‘ட்ரூஆடியோ’ என்ற அங்கத்தைச் சேர்த்தது. டென்சிலிக்கா நிறுவனத்தின் ஒலிச் செயலிகளைப் பதித்த அந்த அங்கம், கல்மண்டபத்தில் எழும் எதிரொலியையும் தலைக்குப் பின்னால் நெருங்கிவரும் காலடியோசையையும், மையச் செயலிக்குப் பாரம் ஏற்றாமல் தானே கணக்கிட்டுத் தர வல்லது. மையச் செயலியையும் கிராபிக்ஸையும் ஒன்றாக இணைத்து 2014 ஜனவரியில் வெளிவந்த சில்லிலும் அது இடம்பெற்றது. நதிகளின் பெயரைச் சூட்டும் வழக்கப்படி அந்தச் சில்லுக்கு நம் காவேரியின் பெயரையே இட்டிருந்தார்கள்.

இவ்வளவு சிறந்த யோசனையை அவர்கள் விற்ற விதத்தைப் பாருங்கள். ஆர்9 290எக்ஸ் கார்டில் அந்த அங்கம் உண்டு. அதே பருவத்தில் அதே பெயர்வரிசையில் வந்த 280எக்ஸில் இல்லை, ஏனெனில் அது புதுப் பெயர் சூட்டப்பட்ட பழைய சில்லு. விலை குறைந்த ஆர்7 260எக்ஸில் உண்டு. அதைவிட விலை கூடிய 270எக்ஸில் இல்லை. தம் கார்டில் இருக்கிறதா இல்லையா என்று வாங்கியவருக்கே விளங்காத ஒன்றை நம்பி, விளையாட்டுகளை உருவாக்குவோர் மாதக்கணக்கில் உழைப்பார்கள் என்று எதிர்பார்த்தது எவ்விதத்தில் நியாயம்? ‘தீஃப்’ முதலிய வெகு சில விளையாட்டுகளே அதைப் பயன்படுத்தின. 2016இல் வந்த போலாரிஸ் தலைமுறையில் அந்தத் தனி அங்கமே நீக்கப்பட்டு, அதன் வேலை கிராபிக்ஸ் பகுதியின் தலையில் கட்டப்பட்டது.

என்விடியாவும் முன்பே இவ்வழியில் நடந்ததுதான்: 2001இல் என்ஃபோர்ஸ் சில்லுகளில் வைத்த விசேஷமான ஒலி அங்கத்தைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. இன்டெல் 1997இல் வகுத்த ஏசி'97 என்ற ஒலி முறையோ வசதியில் சாமானியமானது. ஒலிகளைக் கலக்கும் வேலையை அது பெரும்பாலும் மையச் செயலியிடமே விட்டதால், வேகமான செயலிகளை விற்கும் இன்டெல்லுக்கு அதில் சுயலாபமும் இருந்திருக்கும். ஆயினும், எந்தத் தாய்ப்பலகைத் தயாரிப்பாளரும் பின்பற்றத்தக்க பொது விதியாக அது வெளியிடப்பட்டது. 2004இல் அதன் வாரிசாக வந்த எச்டி ஆடியோ இன்றுவரை எண்ணற்ற கணினிகளில் நிலைத்திருக்கிறது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989 முதல் விற்றுப் புகழ்பெற்ற சவுண்ட் பிளாஸ்டர் கார்டு பெரும்பாலான வீட்டுக் கணினிகளிலிருந்து மறைந்ததற்கு, அதைவிடத் தரம் தாழ்ந்த, ஆனால் எங்கும் கிடைத்த இந்த ஏற்பாடே முக்கிய காரணம்.

சில்லுத் தயாரிப்பாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒலிக்கு இடம் ஒதுக்குவதாயின், அந்தத் தலைமுறையின் மலிவான சில்லு முதல் விலையுயர்ந்த சில்லு வரை எல்லாவற்றிலும் ஒதுக்குங்கள், அதை இயக்கும் விதிகளைப் போட்டியாளருக்கும் மறைக்காமல் வெளியிடுங்கள், பத்தாண்டுக் காலமாவது அதைக் கைவிடுவதில்லை என்று உறுதி கூறுங்கள். இவற்றைச் செய்ய மனமில்லையெனில், பெட்டியின் மேல் அதன் பெயரை அச்சிட்டு வாங்குவோரை ஏமாற்றாதீர்கள்.