கருகிய சில்லும் யந்திரம் உடையான் உரிமையும்

ஒரு யந்திரத்தை விலை கொடுத்து வாங்கியவன் அதன் உள்ளுறுப்புக்களின் பெயரை அறிய உரிமையுடையவனா, அல்லனா? இவ்வினா வீண் வாதமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஓசூரில் சிறு பட்டறை நடத்துவோர்க்கு இது பிழைப்பைப் பற்றிய வினாவாகும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் என் கண்ணாரக் கண்டேன். கண்டதையும், அதனால் என் உள்ளத்தில் எழுந்த கருத்தையும் நம் கல்லூரி அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கன்னட நாட்டு எல்லையை ஒட்டிய ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர், மொபெட், லாரி, கைக்கடிகாரம் முதலியன செய்யும் பெருந்தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2021ஆம் ஆண்டில் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் தோன்றிற்று. இப்பெரிய ஆலைகளின் புகழை யாவரும் அறிவர். அவற்றிற்கு வேண்டிய சிற்றுறுப்புக்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளை அறிந்தவர் சிலரே. அத்தகைய பட்டறை ஒன்று என் தாய்மாமனுடையது. கணினியால் இயங்கும் லேத்து ஒன்றே அதன் முதலும் மூலதனமும்.

ஒருநாள் இரவு இடியுடன் மழை பெய்தது. விடிந்து பார்த்தால் லேத்து அசையவில்லை. மின் அலமாரியைத் திறந்தோம். டிரைவ் பெட்டிக்குள் இருந்த போர்டில் ஒரு சிறு சில்லு வெடித்து, அதன் மேலிருந்த எழுத்துக்கள் யாவும் கரியாகிக் கிடந்தன. யந்திரம் விற்றவர்களுக்குச் சொல்லியனுப்பினோம். “போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வரச் சில வாரங்களாகும், தனி உறுப்பின் பெயரைச் சொல்வது வழக்கமில்லை” என்று விடை வந்தது.

மாமன் போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஜூஜூவாடி எல்லையையும் அத்திப்பள்ளியையும் கடந்து, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலுள்ள பழுது பார்ப்பவர் ஒருவரிடம் சென்றார். நானும் உடன் சென்றேன். அம்முதியவர் சில்லின் சாம்பலைப் பார்க்கவேயில்லை; அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தார். கால்கள் எட்டு. மல்டிமீட்டரை வைத்துச் சோதித்ததில், ஐந்தாம் கால் தரையிணைப்புக்கும், எட்டாம் கால் ஐந்து வோல்ட்டு மின்னுக்கும் சென்றன. ஆறும் ஏழும் நேரே வெளிக் கம்பி செருகும் இடத்திற்குச் சென்றன. “தம்பி, இது வெளியிலிருந்து செய்தி கொண்டுவரும் ஆர்.எஸ். 485 ஐ.சி. 75176 என்றாலும் மாக்ஸ் 485 என்றாலும் கால் வரிசை ஒன்றுதான். நீண்ட கம்பி வழியே வந்த அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொண்டு இறந்திருக்கிறது” என்றார். பெயரிழந்த ஒருவனை, அவன் யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தான் என்று விசாரித்து இனங்கண்டதைப் போலிருந்தது அது!

அவர் மேசையில் வேறிரு போர்டுகளும் கிடந்தன. ஒன்றில் மோட்டாரின் மூன்று கட்டங்களையும் இயக்கும் மூன்று ஒத்த சில்லுகளில் ஒன்று கருகியிருந்தது. உயிரோடிருந்த மற்ற இரண்டின் முதுகிலே அதன் பெயர் எழுதப்பட்டிருந்தது. அச்சில்லை மட்டும் மாற்றினால் போதாது, அது இயக்கிய பெரிய டிரான்சிஸ்டரும் உடைந்ததா என்று பார்க்க வேண்டும், இன்றேல் புதியதும் அந்நொடியே கருகும் என்று அவர் கற்பித்தார். மற்றொன்றில் கருகியதோ தன்னுள்ளே நிரல் எழுதப்பெற்ற சில்லு. அதன் பெயரைக் கண்டறிந்தாலும் பயனில்லை. கடையில் கிடைப்பது எழுதாத வெற்றேடு. மேலும் அதன் அண்டையிலிருந்த நல்ல சில்லின் எழுத்துக்களை யாரோ வேண்டுமென்றே உராய்த்து அழித்திருந்தனர். அதனை அவர் கைவிட்டுவிட்டார்.

ஆறாம் நாள் எங்கள் லேத்து ஓடிற்று. நிற்க. இடையில் கழிந்த ஐந்து நாட்களின் கதை என்ன? வேலையாட்கள் இருவர்க்கும் மாமன் கூலி கொடுத்தார். ஆனால் வாக்களித்த நாளில் சரக்கு போய்ச் சேரவில்லை. அடுத்த வேலை வேறொருவர்க்குப் போயிற்று. சில்லின் விலையோ நூறு ரூபாய்க்கும் குறைவு! அதன் பெயரை அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

ஆதலின் என் கருத்து இதுவே: யந்திரத்தோடு அதன் மின்சுற்றுப் படமும் உறுப்புக்களின் பெயர்ப்பட்டியும் வாங்குவோனிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இது புதிய கோரிக்கையன்று. முற்காலத்து வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பெட்டிக்குள்ளேயே சுற்றுப் படம் ஒட்டப்பட்டிருந்தது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது, அதன் சுற்றுப் படங்களை நூலாகவே அச்சிட்டு விற்றது.

“அதனால்தானே பிறர் அதனைப் போலச் செய்தார்கள்?” என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே. ஆனால் போட்டியிட வல்ல செல்வர், யந்திரம் ஒன்றை வாங்கிப் பிரித்து, வேண்டியதைத் தாமே அறிந்துகொள்வர். மறைப்பினால் தடுக்கப்படுபவன் ஒரே லேத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஏழைத் தொழிலாளியே. புதுக்கண்டுபிடிப்பைக் காக்க 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும், சில்லின் உள்ளமைப்பைக் காக்க 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் நம் நாட்டில் உள. அன்றியும் நான் கேட்பது சில்லின் உள்ளே உறையும் நிரலையன்று. நிரல் எழுதிய சில்லை நியாய விலைக்கு விற்றால் போதும்.

“கைதேர்ச்சியில்லாதவன் தொட்டால் ஆபத்து” என்பது மற்றொரு தடை. மெய்தான், மின்னை நிறுத்திய பின்னும் டிரைவின் மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆனால் பழுது பார்ப்பவன் எப்படியும் திறக்கத்தான் போகிறான். படத்தோடு திறப்பவனுக்கு ஆபத்து குறைவா, படமின்றித் திறப்பவனுக்குக் குறைவா? அறியாமை ஒருபோதும் காப்பாகாது.

நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய விதியும் நுகர்வோர் வாங்கும் பொருள்களைப் பற்றியதே. இவை மகிழத்தக்கன. ஆயினும் பட்டறை லேத்துக்கு இவற்றில் இடமில்லை. உழவனுடைய யந்திரத்துக்கு வேண்டிய நியாயம் கம்மியனுடைய யந்திரத்துக்கு வேண்டாமோ?

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. யந்திரம் வாங்குவோர், பணம் செலுத்துவதற்கு முன்னரே படத்தையும் பட்டியையும் எழுத்து மூலம் கேட்கலாம். ஒருவர் கேட்டால் மறுப்பர். தொழிற்பேட்டைப் பட்டறையினர் யாவரும் ஒருமுகமாகக் கேட்டால் மறுப்பது அரிது. அன்றியும், யந்திரம் நலமாயிருக்கும்போதே, தக்கவரைக் கொண்டு மின்னை நிறுத்திப் போர்டுகளைப் படம்பிடித்து, ஒவ்வொரு சில்லின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு பிற்பகல்.

நம் கல்லூரிச் சோதனைச் சாலையிலும் போர்டுகள் பல உள. அவற்றின் பெயர்ப்பட்டியை எழுதும் பணியை இவ்வாண்டே மாணவராகிய நாம் தொடங்கலாமே! என் மாமன் தம் லேத்துக்குரிய குறிப்பேட்டை எழுதி முடித்துவிட்டார். அதன் முதல் வரியில் இருப்பது, ஐந்து நாள் அலைந்து அவர் அறிந்த அந்த எட்டுக்கால் சில்லின் பெயர்.