தேர்தலுக்குத் திறக்கும் கோப்பு

1974 ஜூன் 19 அன்று வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்தார். பேச்சு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாக் நீரிணையில் உள்ள கச்சத்தீவு பற்றியது. ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று புதுதில்லியிலும், தீவை இலங்கையின் பக்கம் வைக்கும் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 8 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை படித்தது ஜூலை 23 அன்றுதான். முடிந்துபோன காரியத்துக்கு உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். அதைத் தவிர அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அந்தச் சென்னைச் சந்திப்பின் அரசுக் குறிப்பு ஊரறிய வெளிவந்தது 2024 மார்ச் இறுதியில். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைப் பெற்றவர் அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை. அதைக் காட்டி, தீவு தாரைவார்க்கப்பட்டது என்று பிரதமர் மோடி சமூக ஊடகத்தில் எழுத, மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைக் கூட்டி விளக்கினார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ஐம்பது ஆண்டுகள் மூடியிருந்த கோப்பு, வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது திறந்துகொண்டது! இதைத் தற்செயல் என்று நம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

வெளிவந்த செய்தியைவிட, அது ஏற்கெனவே சொல்லப்பட்ட நிலைப்பாட்டோடு மோதியதுதான் வியப்பு. இதே வெளியுறவு அமைச்சகம் 2015 ஜனவரியில், அதாவது மோடி ஆட்சியிலேயே, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு அளித்த பதில் வேறு: அந்தப் பகுதியில் எல்லையே வகுக்கப்பட்டிருக்கவில்லை; ஆகவே இந்தியா தன் நிலத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை, புதிதாகப் பெறவும் இல்லை. மன்மோகன் சிங் அரசு உச்ச நீதிமன்றத்தில் எடுத்த நிலையும் இதுதான். அப்படியானால் 2024இல் ‘தாரைவார்க்கப்பட்டது’ எது? கேள்வி கேட்பவர் யார், கேட்கும் காலம் எது என்பதைப் பார்த்து மாறும் விடையை வெளியுறவுக் கொள்கை என்று ஏற்க முடியாது.

ராஜதந்திரத்தில் ரகசியமே கூடாது என்று இந்தத் தலையங்கம் வாதிடவில்லை. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில், துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அமெரிக்கா சோவியத் தரப்புக்குக் கமுக்கமாக வாக்களித்திருக்காவிட்டால் அணு ஆயுதப் போரே மூண்டிருக்கலாம். பேரம் பேசும்போது கதவு மூடியிருக்கலாம். முடிவெடுத்த பிறகும் அதைப் பூட்டி வைப்பதுதான் தவறு.

இதற்கான சான்று அதே 1974இல், அதே இந்திரா காந்தி அரசிடமே இருக்கிறது. கச்சத்தீவுக்கு ஆறு வாரம் முன்பு, மே 16 அன்று, வங்கதேசத்துடன் நில எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலம் கைமாறினால் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960இலேயே பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், அந்த ஒப்பந்தம் நாடாளுமன்றத்தைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது. 41 ஆண்டுகள் இழுத்தது என்பது உண்மை. அசாமிலும் மேற்கு வங்கத்திலும் எதிர்ப்பு இருந்தது. அது வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2015 மே மாதம் நூறாவது திருத்தம் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. இன்று எந்தத் தேர்தல் மேடையிலும் அதைக் காட்டி ‘நாட்டை விற்றவர்கள்’ என்று யாரும் எளிதில் கூவிவிட முடியாது. எல்லோரும் கையுயர்த்திய முடிவு அது.

கச்சத்தீவுக்கு அந்த வாய்ப்புத் தரப்படவில்லை. 285 ஏக்கர்த் தீவைக் காட்டிலும் பெரிய இழப்பு 1976இல் நேர்ந்தது. 1974 ஒப்பந்தம் மீனவரும் அந்தோணியார் கோயில் யாத்திரிகரும் முன்போலத் தீவுக்குப் போய்வர வழிவிட்டிருந்தது. இரு நாட்டுப் படகுகளின் மரபுவழி உரிமைகளையும் குறிப்பிட்டிருந்தது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைக்கான உடன்பாட்டோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் அடுத்தவர் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றாக்கின. அது நெருக்கடிநிலைக் காலம். திமுக ஆட்சி ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. சட்டமன்றம் இல்லை, பத்திரிகைக்குத் தணிக்கை. ராமேஸ்வரத்து மீனவர் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

பாக் நீரிணையின் மறுகரையில் இருக்கும் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. இன்று தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் தங்கள் கடலை அரிக்கின்றன என்று அவர்கள் முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை சிறைப்பிடித்தது, 1,175 படகுகளைக் கைப்பற்றியது என்று ஜெய்சங்கரே 2024இல் கணக்குச் சொன்னார். தீவு திரும்பினாலும் இந்தக் கணக்கு நிற்காது.

பாடம் படித்ததாகவும் தெரியவில்லை. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது அதன் முழு வாசகத்தை இரு அரசுகளும் வெளியிடவில்லை.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்புறுதி வேண்டிய ஒப்பந்தங்களைப் பொதுவாக 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டமோ 20 ஆண்டு பழைய விவரங்களைத் தரச் சொல்லிவிட்டு, அயல்நாட்டு உறவு என்றால் அப்போதும் மறுக்க இடம் வைத்திருக்கிறது. கோப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் ஆள்வோரின் வசதிக்கு விடப்பட்டது இப்படித்தான்.

மத்திய அரசு உடனே செய்ய வேண்டியவை இரண்டு. எல்லை, கடல், நதிநீர் பற்றிய எந்த உடன்பாடும் நடைமுறைக்கு வருமுன் நாடாளுமன்றத்திலும் தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்திலும் வைக்கப்படச் சட்டம் கொண்டுவர வேண்டும். கச்சத்தீவு பற்றிய 1974, 1976 கோப்புகளை ஒரு கட்சித் தலைவருக்குத் துண்டு துண்டாகத் தராமல், முழுவதுமாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். கருணாநிதி இணங்கினாரா, எதிர்த்தாரா என்பதை ராமேஸ்வரத்து மக்களே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.