கப்பல் ஏறுமுன் கொஞ்சம் யோசிப்போம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. முன்பெல்லாம் பெற்றோரின் சஷ்டியப்த பூர்த்தி முடிந்ததும் பிள்ளைகள் அவர்களைக் காசி, கயா, பத்ரிநாத் என்று அனுப்பி வைப்பார்கள். இப்போது 'க்ரூஸ்' போய் வாருங்கள் என்று டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் 'கார்டிலியா' உல்லாசக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்த செய்தி வந்ததிலிருந்து இந்த ஆசை இன்னும் அதிகமாயிற்று. ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் என்னிடம், "நீங்கள் இரண்டு விதமான கப்பலிலும் போய் வந்தவராயிற்றே, எது நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட நம் மலரில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் குடியிருக்கும் தமிழன் முதன்முதலாகக் கடலில் போக வேண்டுமானால் கிதிர்பூரிலிருந்து அந்தமான் போகும் பயணிகள் கப்பலில்தான் போக வேண்டும். உல்லாசக் கப்பல் அதற்கப்புறம் இருக்கட்டும். இதைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஹோட்டல். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. சுமார் 48,000 டன் கொள்ளளவு கொண்டது. நீச்சல் குளம், நாடக மேடை, சூதாட்ட அறை எல்லாம் உண்டு. இத்தகைய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க இருபுறமும் மீன் துடுப்பு போன்ற தகடுகள் நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஆட்டம் குறைவு, சௌகரியம் அதிகம். மறுக்கவில்லை. 2019-ல் என் மகன் ஏற்பாட்டில் நானும் என் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மூன்று இரவு போய் வந்தோம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று நாளில் நாங்கள் கடலைப் பார்த்த நேரம் மிகக் குறைவு. எந்த நேரமும் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அது போன கடல் சாதாரணக் கடலா? நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோர் 'ரஜூலா' கப்பலில் போன கடல். 1926-ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய அந்தக் கப்பல் ஒரு காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீ விபத்து நேர்ந்து உயிர்கள் போயின. அதோடு அந்தத் தடமே மூடிப்போயிற்று. இதையெல்லாம் நினைத்துப் பார்க்க அந்த மிதக்கும் ஹோட்டலில் ஓர் அமைதியான மூலைகூட அகப்படவில்லை.

அந்தமான் கப்பல் வேறு மாதிரி. நாங்கள் 2014 ஜனவரியில் போனோம். டீலக்ஸ் அறை, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் என்று பிரிவுகள் உண்டு. பங்க் என்பது நம் ஸ்லீப்பர் பெட்டி மாதிரி, வரிசையாகப் படுக்கைகள். வயதானவர்கள் அறை எடுத்துக்கொள்வதே உசிதம். பயணம் ஏறக்குறைய மூன்று நாள். அதில் முதல் நாள் கடலே கிடையாது, நதிதான். கல்கத்தா துறைமுகம் கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. பட்ஜ்பட்ஜ், உலுபேரியா, டயமண்ட் ஹார்பர், ஹல்தியா என்று கரைகள் மெல்ல விலகிப் போவதை டெக்கில் நின்று பார்க்கலாம். சாகர் தீவு தாண்டியதும் மண் கலந்த தண்ணீர் பச்சையாகி, நீலமாகி, பிறகு மை போலக் கறுத்துவிடும். 'காலாபானி' என்று ஏன் பெயர் வந்தது என்பது அப்போது புரியும். அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத்தா போன்றவர்கள் கண்டதும் இதே கறுப்புத் தண்ணீரைத்தான்.

நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்து ஹௌரா பாலத்தைத் தாண்டி ஹூக்ளியை அறியாதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நம் பிள்ளைகளுக்கோ கங்கை என்றால் பாபுகாட் படித்துறைதான். இந்த ஊர் ஏன் இங்கே உண்டாயிற்று என்பதை இந்த ஒரு நாள் பிரயாணம் சொல்லிக் கொடுத்துவிடும்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, நேரம். ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு அட்டவணை இல்லாத பிரயாணம் என்றால் ஆகாது. ஆனால் ஹூக்ளியில் கப்பல் நம் கடிகாரப்படி கிளம்ப முடியாது. நதியில் வண்டல் அதிகம், ஆழம் போதாது. 1975-ல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியதே இந்த வண்டலைத் தள்ளத் தண்ணீர் விடுவதற்காகத்தான். டாக்கின் கதவு திறந்து கப்பல் வெளியே வர நீரேற்றம் வேண்டும். நதியில் வழிகாட்டப் பைலட் வேண்டும். ஆகவே கிளம்பும் நாளும் நேரமும் மாறக்கூடும். கப்பல் பழுதுபார்ப்புக்குப் போனால் சேவையே சில வாரங்கள் நின்றுபோவதும் உண்டு. டிக்கெட் எடுக்குமுன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் உள்ள ஷிப்பிங் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் அடுத்த கப்பல் எப்போது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இறங்குவதாகச் சொன்ன நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும்.

இரண்டாவது, பருவம். வங்காள விரிகுடாவில் மே மாதத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல்கள் உருவாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்றால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை உத்தமம்.

மூன்றாவது, தலைசுற்றலும் வாந்தியும். இதற்குப் பயந்தே பலர் கப்பலை நினைப்பதில்லை. ரயில் பெட்டிப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: சக்கரங்களுக்கு மேலே இருக்கும் இருக்கையைவிடப் பெட்டியின் நடுவில் உள்ள இருக்கையில் குலுக்கல் குறைவு. கப்பலுக்கும் இதே கணக்குதான். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டமும், இரு பக்கமும் சாயும் ஆட்டமும் நடுவில், கீழ்த்தளத்தில் மிகக் குறைவு. அறை கேட்கும்போது அங்கே கேளுங்கள். தலை சுற்றினால் படுக்கையில் குப்புற விழாமல் டெக்குக்கு வந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இஞ்சி மரப்பா நல்லது. மாத்திரை போடுபவர்கள் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. முன்னதாகப் போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும் என்பதாலும், ரத்த அழுத்தம், கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதாலும் உங்கள் டாக்டரைக் கேட்டே போடுங்கள்.

நான்காவது, உடல்நிலை. கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் நடுக்கடலில் ஆஸ்பத்திரி கிடையாது. சமீபத்தில் இருதய சிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்று நாள் கரை காணாத பிரயாணத்தை மேற்கொள்ளக் கூடாது. தினசரி மாத்திரைகளைப் பத்து நாளைக்கு அதிகமாகவே எடுத்து, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கப்பலில் படிகள் செங்குத்தாக இருக்கும். 'இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஐந்தாவது, சாப்பாடும் சாமானும். கேன்டீனில் சாதம், பருப்பு, காய்கறி, மீன், முட்டை கிடைக்கும். நம் நாக்குக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். முதல் நாளுக்குப் புளியோதரை, அப்புறம் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, நார்த்தங்காய் ஊறுகாய், சத்துமாவு, பழங்கள் போதும். ஒரு போர்வை, பிளாஸ்க், பூட்டுச் சங்கிலி, வழுக்காத செருப்பு, அடையாள அட்டையின் நகல்கள் அவசியம். சாகர் தீவு தாண்டினால் கைபேசி மௌனமாகிவிடும். 'மூன்று நாள் பேச முடியாது' என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கலங்கிப் போவார்கள்.

உல்லாசக் கப்பலில்தான் போவேன் என்பவர்களுக்கும் சில வார்த்தைகள். விளம்பரத்தில் உள்ள கட்டணம் இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணம், வரி, சேவைப் பணம் எல்லாம் தனி. கப்பலில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே கடன் கணக்கு. இணையம், பானங்கள், கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அதில் ஏறிக்கொண்டே போகும். எங்கள் பில்லில் நாங்கள் கேட்காத ஓர் இனமும் இருந்தது. எடுத்துச் சொன்ன பிறகு நீக்கினார்கள். ஆகவே கடைசி நாள் வரை காத்திராமல் தினமும் கணக்கைப் பாருங்கள். மிகக் குறைந்த கட்டண அறை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் அறையாக இருக்கும். வெளிநாட்டுத் துறைமுகம் உண்டென்றால் விசா விஷயத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வகைக் கப்பலுக்கும் பொதுவானது பாதுகாப்பு ஒத்திகை. உயிர்காப்புச் சட்டை அணிந்து குறித்த இடத்தில் கூட வேண்டும் என்று அழைத்தால் பலர் அலட்சியமாக அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பல நூறு பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே ஒத்திகை நடத்த வேண்டும் என்று 2015 முதல் சர்வதேச விதி வந்தது. அந்த அரைமணி நேரம் கட்டாயம் போங்கள். கை கழுவுவதிலும் சோம்பல் வேண்டாம். 2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் சுமார் 3,700 பேரில் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா பரவியதை நாம் மறக்கவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. அந்தமான் கப்பல் உல்லாசத்துக்காக விடப்பட்டதல்ல. தீவுவாசிகளின் வாழ்க்கைக் கயிறு அது. சிகிச்சைக்காகச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வரும் நோயாளிகள், படிக்க வரும் மாணவர்கள், விமானக் கட்டணம் கொடுக்க முடியாத கூலிக்காரர்கள் அதில் வருகிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்து இங்கிருந்து கப்பலேறிக் குடியேறியவர்களின் பேரன்மார் அங்கே இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தெருவில் வங்காளியும் தமிழும் கலந்து காதில் விழும். இரண்டும் தெரிந்த நமக்கு அது அந்நிய ஊரே அல்ல.

ஆகவே பூஜை விடுமுறையிலும் பள்ளிக் கோடை விடுமுறையிலும் உல்லாசத்துக்காகப் போய் அவர்கள் இடத்தை நாம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஜனவரி என்ன, பிப்ரவரி என்ன, எல்லா மாதமும் விடுமுறைதானே!

அதே சமயம், நடுத்தர மக்களாகிய நாம் அந்தக் கப்பலை முற்றிலும் மறந்துவிட்டாலும் ஆபத்து. கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டதைப் பார்த்தவன் நான். முதலில் வண்டி தாமதமாகும். பிறகு வண்டியின் எண்ணிக்கை குறையும். கேட்கத் தெரிந்தவர்கள், கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் வேறு வழியில் போக ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஏழைகள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்கள் குரல் எங்கும் எட்டாது. தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்கு ரயிலும் கப்பலும் சேர்ந்து போன 'போட் மெயில்' 1964 புயலோடு முறிந்தது. மிச்சமிருந்த ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பலும் எண்பதுகளில் நின்றது. இலங்கைக்கு மறுபடி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விட 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடல் தடம் ஒருமுறை அறுந்தால் முடிச்சுப் போட ஒரு தலைமுறை ஆகிறது.

இதற்கு நம் சங்கம் இரண்டு காரியம் செய்யலாம். வரும் பிப்ரவரியில் இருபது பேர் கொண்ட ஒரு குழுவை அந்தமான் கப்பலில் அழைத்துப் போகலாம். பேரக் குழந்தைகளில் இரண்டு மூன்று பேரையாவது சேர்த்துக்கொண்டால் நல்லது. திரும்பி வந்ததும், மூன்று மாதத்துக்கான உத்தேசப் பயணத் தேதிகளை முன்கூட்டியே வெளியிட்டு அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கப்பல் துறைக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு மனு அனுப்பலாம். நதியின் ஏற்ற இறக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே கணக்கிட்டு அட்டவணை போடுகிறார்கள். கப்பலுக்கும் அப்படி ஓர் உத்தேச அட்டவணை போடுவது முடியாத காரியமல்ல.

வர விருப்பமுள்ள அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள்.