மடிக்குழந்தையின் கட்டணம்

நம் கல்லூரியிற் பயின்று கடல்கடந்து வாழும் அன்பர் பலர், கைக்குழந்தையைப் பாட்டன் பாட்டியர்க்குக் காட்ட விமானமேறக் கருதுங்கால் முதலில் வினவுவது, "குழந்தைக்கு எவ்வளவு?" என்பதே. இரண்டாண்டு நிரம்பாத குழந்தையை மடியிலேந்தி அயல்நாடு செல்வோர், பெரும்பாலும் பெரியோர் கட்டணத்திற் பத்திலொரு பங்கே செலுத்துகின்றனர்; வரிகள் வேறு. இதனை இலாபமென மகிழ்தல் இயல்பே. ஆயினும் அத்தொகைக்கு இருக்கை கிடைப்பதன்று. பெற்றோர் மடியே இருக்கை. பாஸ்போர்ட்டும் வீசாவும் குழந்தைக்குந் தனியே வேண்டும். திரும்புமுன் இரண்டாண்டு நிரம்பின், மீளும் பயணத்திற்கு இருக்கை வாங்குதலுங் கடனாம்.

இவை பணச்செலவு. இதனினும் பெரிய செலவொன்றுண்டு. 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள சூ சிட்டி நகரில் விமானமொன்று தரையில் மோதியுடைந்தது. அதிற் சென்ற மடிக்குழந்தைகள் நான்கனுள் ஒன்று மாண்டது. அத்தகைய மோதலில் எத்துணை அன்புடைய கையும் குழந்தையைப் பற்றி நிற்றல் அரிது. ஆதலின் அந்நாட்டு விமானத்துறை அதிகாரிகள் குழந்தைக்குத் தனியிருக்கையே நன்றென அறிவுறுத்துகின்றனர். எனினும் அதனைக் கட்டாயமாக்கினாரல்லர். கட்டாயமாக்கின், செலவுக்கஞ்சும் பெற்றோர் மோட்டார் வண்டியிற் செல்வர், சாலையிற் சாவு மிகும் என்பது அவர் கூறுங் காரணம்.

உள்நாட்டிற்கு இது பொருந்தலாம். கடலின்மேற் சாலை யாண்டுள்ளது? ஆகவே, நெடும்பயணத்திற் குழந்தையின் இருக்கையைக் குறைந்த விலைக்கு அளித்தல் விமானக் கம்பெனியாரின் கடமையாம். உயிர்க்காப்பு செல்வர் குழந்தைக்கு மட்டும் உரியதாதல் நீதியன்று. அதுகாறும், பொருளுடையோர் இருக்கை வாங்குக. இல்லாதோரை எவரும் இகழாதிருக்க.