வீரனின் மனைவிக்கு விசாவே கதியா?

2025 மே மாதம், பாகிஸ்தான் பெண்ணை மணந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் ஒருவர் வேலையினின்று நீக்கப்பட்டார். மணத்தை மறைத்தார், விசா முடிந்த பின்னும் மனைவியை உடன் வைத்திருந்தார் என்றது படை. மேலிடத்து அனுமதிக்குப் பின்பே மணந்தேன் என்றார் அவர்.

"சரிதான், பகைநாட்டுப் பெண்ணாயிற்றே!" என்றனர் என் சான்பாடா அறை நண்பர்கள். நான் ஒப்பவில்லை. அரசு விழிப்பாயிருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? அந்த விழிப்பு மணத்துக்கு முன்பே வரட்டும் என்கிறேன். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியரை மணந்தவரும் 7 ஆண்டுகள் இங்கு வாழ்ந்த பின்பே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை ஒரு முத்திரையை நம்பியே குடும்பம்! வீரன் அனுமதி கேட்டால், இத்தனை நாளுக்குள் என்று கெடு வைத்து, உண்டு இல்லை என எழுத்தில் விடை தரட்டும். இல்லையெனில் காரணமும் தரட்டும்.