சுமை தூக்குபவரின் குழந்தைக்கும் மருத்துவ அட்டை



ஒரு கார்த்திகை தீப சமயம். நமது மண்டியில் லாரி இறக்கிக்கொண்டிருந்த பீகார் தொழிலாளி ஒருவர் முகவாட்டமாக இருந்தார். விசாரித்தால், மூன்று வயது மகளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், மூச்சிரைப்பு. மருந்துக் கடை சிரப்பு மட்டும் கொடுத்து வந்திருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஊர் அட்டை கேட்பார்கள் என்ற பயம். தீப நெருக்கடியில் நம்மிடம் லீவு கேட்கவும் தயக்கம். நாமே அழைத்துச் சென்றோம். யாரும் அட்டை கேட்கவில்லை. நிமோனியா என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை பிழைத்தது. “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று டாக்டர் கேட்டது தகப்பனை மட்டுமல்ல, முதலாளியையும்தான் என்று நமக்குப் பட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசியும் எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் இலவசம். பெரிய ஆபரேஷன் என்று வரும்போதுதான் காப்பீட்டு அட்டை தேவைப்படுகிறது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும்படி ஆனது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களையும் இத்திட்டம் சேர்த்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதாக உரிய அதிகாரி சான்று அளித்தால் வெளிமாநிலத்தவருக்கும் அதில் இடம் உண்டு.

ஆறு மாதமாக அவர் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? சம்பளம் கொடுக்கும் நமக்குத்தான். ஆனால் நம் பேரேட்டில் ஒவ்வொரு மூட்டைக்கும் வரவு இருக்கிறது. அதைச் சுமப்பவருக்கு ஒரு வரி இல்லை. எழுதினால் ஈ.எஸ்.ஐ. கட்டச் சொல்வார்களே என்று அஞ்சுகிறோம். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அது கட்டாயம் இல்லை. பத்தும் அதற்கு மேலும் என்றால் சட்டப்படி கட்டத்தான் வேண்டும். நம் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், அதில் தொழிலாளியின் மனைவி மக்களுக்கும் வைத்தியம் உண்டு. அதை மிச்சம் பிடிப்பது லாபக் கணக்கில் சேராது.

எனவே மூன்று காரியம் செய்வோம். ஒன்று, வேலைக்குச் சேர்ந்த தேதியோடு பெயரைப் பதிவேட்டில் எழுதுவோம். இரண்டு, சொந்த மாநிலத்தில் வாங்கிய ஆயுஷ்மான் அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த இவ்வூர் ஆஸ்பத்திரியிலும் அது செல்லும் என்று சொல்லி வைப்போம். மூன்று, வியாபாரம் மந்தமான ஆடி மாதத்தில், தொழிலாளர் துறை, காப்பீட்டுத் திட்ட அலுவலர்களை அழைத்து, இந்தி தெரிந்த ஒருவரையும் வைத்து, நம் சங்கம் ஒருநாள் முகாம் நடத்தட்டும்.

நம்மவர்களும் பம்பாய்க்கும் கொழும்புக்கும் பிழைக்கப் போனவர்கள்தான். பௌர்ணமிதோறும் வெளியூர் ஜனம் கிரிவலம் வருவதால்தான் நம் கல்லா நிறைகிறது. வந்தவரால் வாழும் ஊர், வந்தவர் குழந்தையைக் கைவிடலாகாது.