தாய்க்கு மருந்து, மாட்டுக்கு ஏமாற்று

நம்ம கூட்டங்களில் 'ஹார்மோன்' என்ற சொல்லை யாராவது எடுத்தால் போதும், "அது விஷம்ல!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும். பால் இறங்குவதற்காக மாட்டுக்குப் போடும் ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த மருந்தையே நாட்டில் இல்லாமல் ஆக்கணும் என்று தீர்மானம் போடச் சொல்கிறார்கள். மாட்டுக்கு அந்த ஊசி போடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மருந்தையே ஒழிக்கச் சொல்லும் தீர்மானத்துக்கு நான் கை தூக்க மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஹார்மோன் என்ன வேலை பார்க்கிறது என்பதற்கு நம்ம கன்னி ஆட்டையே எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆடு அது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவப்பாக இருந்தால் செங்கன்னி. ரெட்டைக்குட்டி போடுவதற்குப் பேர் போனது. சினைக்காலம் சுமார் 150 நாள். அந்த 150 நாளும் கருப்பை இறுகித் துடிக்காமல் அடங்கிக் கிடக்கணும். துடித்தால் குட்டி விழுந்துவிடும். அதை அடக்கி வைப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு சின்னக் கட்டி உண்டாகிறது. வெள்ளாட்டில் கடைசி நாள்வரை அந்தக் கட்டிதான் இதைச் சுரக்கிறது. செம்மறியில் பாதிக்கு முன்னாலேயே நஞ்சுக்கொடி அந்த வேலையை வாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் ஈனும் நாளைக் குறிப்பது யார்? தாய் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் 1960-களில் செம்மறி ஆடுகளை வைத்து இதை ஆராய்ந்தார். நாளைக் குறிப்பது உள்ளே இருக்கும் குட்டிதான் என்று தெரிந்தது. குட்டி முற்றியதும் அதன் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து கார்டிசால் அதிகமாக வருகிறது. அதனால் புரொஜெஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, புரோஸ்டாகிளாண்டின் வருகிறது, இத்தனை நாள் தூங்கிய கருப்பை முழித்துக்கொள்கிறது. மனுஷப் பிரசவம் இவ்வளவு நேர்கோட்டில் நடப்பதில்லை என்பதையும் சொல்லணும்.

லிக்கின்ஸ் ஆராய்ச்சியில் இன்னொன்றும் வெளிவந்தது. கார்டிசால் ஏற்றி, நாளுக்கு முன்னே பிறக்கவைத்த குட்டி மூச்சுவிட்டது. அதன் நுரையீரல் முன்கூட்டியே முற்றியிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் 1972-ல் வெளியிட்ட ஆய்வின் பலனாகத்தான், குறைமாசத்தில் வலி கண்ட தாய்க்கு இன்று ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். குறைமாசக் குழந்தைகள் எத்தனையோ பிழைத்திருப்பது செம்மறிக் கிடையிலிருந்து போன அறிவால்.

நம்ம கிடைக்காரர்களுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனால் வால் முளைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து, குழி விழுந்திருந்தால், "இன்னைக்கோ நாளைக்கோ போட்டுரும்" என்பார்கள். ரிலாக்சினும் ஈஸ்ட்ரோஜனும் அங்குள்ள தசைநாரைத் தளர்த்துவதைத்தான் அவர்கள் விரல் கண்டுபிடிக்கிறது.

கடைசியில் வருவது நம்ம தகராறுக்குரிய ஆக்சிடோசின். குட்டி இறங்கி கருப்பை வாயை அழுத்த அழுத்த, சேதி மூளைக்குப் போய், அங்கிருந்து இது ரத்தத்தில் இறங்குகிறது. கருப்பை முக்குகிறது. முக்க முக்க இன்னும் சுரக்கிறது. குட்டி வெளியே வந்து மடியில் வாய் வைத்தால் மறுபடியும் அதே ஹார்மோன்; இந்தத் தடவை பால் இறங்குவதற்கு. 1906-ல் ஹென்றி டேல் என்பவர் மூளையடிச் சுரப்பியின் சாற்றுக்குக் கருப்பையைச் சுருக்கும் சக்தி உண்டு என்று கண்டார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அதைச் செயற்கையாகச் செய்து, 1955-ல் நோபல் பரிசு வாங்கினார்.

அந்த மருந்து இன்று என்ன செய்கிறது? பிள்ளை பெற்றதும் கருப்பை இறுகணும். இறுகினால்தான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்கள் நெருக்குண்டு அடைபடும். இறுகாவிட்டால் ரத்தம் குடம் குடமாகக் கொட்டும். உலகம் முழுக்கப் பிரசவத்தில் தாய்மார் சாவதற்கு முதல் காரணம் ரத்தப்போக்குதான். அதைத் தடுக்க, குழந்தை வெளியே வந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளை பெற்று நல்லபடியாக வீட்டுக்கு வரும் மகளும் மருமகளும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். விஷம் என்று சொல்லும் நம்மில் யாரும் அங்கே போய் "இது வேண்டாம்" என்று சொல்லப்போவதில்லை. சொல்லவும் கூடாது.

இதையே தொழுவத்தில் எடுத்தால் கதை வேறு. மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்கிறோம். கன்று முட்டினால், காம்பைக் கழுவித் தடவினால், பழகிய ஆள் வந்தால், பருத்திக்கொட்டை வாசம் வந்தால் ஒரு நிமிஷத்துக்குள் ஆக்சிடோசின் மடிக்கு வந்து சேரும். சில நிமிஷங்கள்தான் அதன் ஆட்டம். அதற்குள் கறந்துவிடணும். அடித்தால், நாய் விரட்டினால், புது ஆள் உட்கார்ந்தால் அட்ரினலின் வந்து அதைக் கெடுத்துவிடும். கன்று செத்த மாட்டுக்கு நம்ம பெரியவர்கள் தோலில் வைக்கோல் திணித்துத் தோற்கன்று காட்டிக் கறந்தது சும்மா இல்லை. ஊசி போடுகிறவர் இந்த ஏற்பாடு அத்தனையையும் ஒரு சிரிஞ்சில் முடித்துக்கொள்கிறார். தினம் இரண்டு வேளை குத்துப்பட்ட மாட்டுக்கு, கொஞ்ச நாளில் ஊசி இல்லாமல் பால் இறங்காது. சினைமாட்டுக்கு விவரம் தெரியாதவர் போட்டால் இன்னும் மோசம். கருப்பை வாய் திறக்காதபோது, கன்று குறுக்கே கிடக்கும்போது போட்டால் கருப்பையே கிழியும். வலி வரவைக்கிறேன் என்று அளவு தெரியாமல் பெண்களுக்குப் போட்டாலும் இதே ஆபத்துதான்.

ஒரு விஷயத்தில் நம்ம ஆட்கள் சொல்வது தப்பு. ஊசி போட்ட பாலைக் குடித்துத்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். ஆக்சிடோசின் 9 அமினோ அமிலம் கோத்த சின்னப் புரதத் துண்டு. வயிற்றுக்குள் போனால் பருப்புப் புரதம் மாதிரி செரித்துப்போகும். பூப்பெய்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாட்டை வதைப்பது தப்பு என்பதே போதுமான காரணம். பொய்க் காரணத்தைச் சேர்த்தால், அது உடைபடும் அன்றைக்கு உண்மைக் காரணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முழுத்தடை கேட்கிறவர்கள் 2018-ஐ நினைத்துப் பார்க்கணும். மாடுகளுக்குத் தவறாகப் பயன்படுகிறது என்று இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2016-ல் கவலை தெரிவித்திருந்தது. மத்திய அரசு 2018 ஏப்ரல் 27 அன்று ஓர் அறிவிக்கை போட்டது. உள்நாட்டுத் தேவைக்கு இனி எந்தத் தனியார் கம்பெனியும் ஆக்சிடோசின் தயாரிக்கக் கூடாது. பொதுத்துறை நிறுவனமான கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் மட்டும் செய்யும். நாடு முழுக்க உள்ள பிரசவ வார்டுகளுக்கு ஒரே ஒரு ஆலை! குளிரில் வைத்துக் காக்க வேண்டிய மருந்து வேறு. அந்த ஓர் ஆலையில் ஏதாவது கோளாறு வந்தால், மருந்து வரும்வரை ரத்தப்போக்கு காத்திருக்குமா? மருந்துக் கம்பெனிகளும் மருந்து உரிமைக்காகப் பாடுபடும் அகில இந்திய அமைப்பும் வழக்குப் போட, டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மாட்டின் மேல் இருக்கும் அக்கறையில் தாயை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

இத்தனைக்கும் சட்டம் முன்பே இருக்கிறது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பால் கூடுவதற்காக மாட்டின் உடம்பைக் கெடுக்கும் ஊசி போட்டால் 2 வருஷம்வரை சிறை உண்டு; மாடும் பறிமுதல். லேபிள் இல்லாத பாட்டிலில் மருந்து விற்றால் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். இயற்கை வேளாண்மைக்கான தேசியத் தர விதிகளும் ஹார்மோனை அடியோடு விலக்கவில்லை. தனி மாட்டுக்கு, வைத்தியக் காரணத்துக்காக, கால்நடை மருத்துவர் சொன்னால் தரலாம் என்றுதான் இருக்கிறது. அளவான விதி.

மிச்சம் இருப்பது காசுக் கணக்கு. பேங்கில் கறவை மாட்டுக் கடன் கொடுத்த காலத்தில் மனுவில் லிட்டர் கணக்கு இருக்கும், கன்றுக்கு ஒரு வரி இருக்காது. 8 லிட்டர் கறக்கும் மாடு; லிட்டர் 40 ரூபாய் என்று வையுங்கள்; 320 ரூபாய். முதல் மூணு மாசம் கன்று தினம் 2 லிட்டர் குடிக்கும், அதாவது 80 ரூபாய். காளைக்கன்றாக இருந்தால் அந்த 80-ஐ விட யாருக்கும் மனசு வருவதில்லை. கன்று பட்டினியில் செத்துப்போகிறது, அதன் இடத்துக்கு ஊசி வருகிறது. கன்றுக்கு 2 லிட்டரை விட்டுவிட்டு மீதி 6 லிட்டரில் அதே 320 வரணும் என்றால் லிட்டர் 53 ரூபாய்க்கு விற்கணும். 13 ரூபாய் கூடுதல். நம்ம நேரடி விற்பனையில் பால் வாங்கும் டவுன்காரர்களிடம் இதைக் கேட்டால் கொடுக்க மாட்டார்களா? கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன். "கன்று குடித்த மிச்சம்" என்று கேனில் எழுதியே விற்கலாம்.

மருந்துத் தடைத் தீர்மானத்துக்குப் பதில் இந்த 53 ரூபாய்த் தீர்மானத்தை வரும் கூட்டத்தில் முன்மொழியப் பெயர் கொடுத்திருக்கிறேன். கணக்கில் தகராறு இருப்பவர்கள் அவரவர் தொழுவத்துக் கறவை நோட்டோடு வந்துவிடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.